குளிர் வாடகையும் சூட்டு வாடகையும்: ஜெர்மனியில் நீண்ட காலத்துக்கு வீடு எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கும் என் ஊரான பாடாங் செராயில் வாடகைக்கு வீடு தேடிப் போனால் வீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "நீ யார் மகன்?" என்பதுதான். எந்தத் தோட்டம், அப்பா என்ன வேலை பார்த்தார், எந்தக் கோயில் திருவிழாவில் உங்கள் குடும்பம் முன்னால் நிற்கும் என்ற பேச்சு முடிவதற்குள் சாவி கைக்கு வந்துவிடும். தோட்டத்து லயத்தை விட்டு என் பெற்றோர் தாமான் எனப்படும் வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்தபோது இரண்டு மாத வாடகையை முன்பணமாகவும், தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் என்று இன்னும் கொஞ்சமும் கொடுத்தார்கள். எழுத்தில் இருந்தது ஒரே ஒரு பக்கம். பல ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் நான் முதன்முதலாக ஒரு வீட்டைப் பார்க்கப் போன மாலையில், மூன்றாம் மாடி வரை படிக்கட்டில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு கோப்பு இருந்தது. என் கையில் கைப்பேசி மட்டும் இருந்தது. அந்த வீடு எனக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் குலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் ஆலை வைத்திருக்கும் இன்ஃபினியோன் என்ற ஜெர்மானியச் சில்லு நிறுவனத்துக்கு டிரெஸ்டனிலும் ஆலை உண்டு. மேற்படிப்புக்கும் வேலைக்குமாக நம் வட்டாரத்துப் பிள்ளைகள் ஜெர்மனிக்குப் புறப்படும்போது, விசாவைப் பற்றி விசாரிக்கும் அளவுக்கு வீட்டைப் பற்றி விசாரிப்பதில்லை. நான் அங்கே ஐந்து குளிர்காலங்கள் இருந்தேன். குளிர் நாடுகள் அனைத்தையும் ஒரே மூச்சில் சொன்னால் எல்லாமே மேலோட்டமாகப் போய்விடும் என்பதால், எனக்குத் தெரிந்த ஜெர்மனியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இரண்டு செய்திகளை மனத்தில் பதித்துக்கொண்டு மேலே படியுங்கள். நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்பதை அங்கே உங்கள் காகிதங்கள்தாம் சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஒரு விலை இருப்பதுபோல் அந்த வீட்டின் சூட்டுக்கும் தனியாக ஒரு விலை உண்டு.

புறப்படுவதற்கு முன் ஊரிலேயே செய்ய வேண்டியவை

முதலில் உங்கள் பெயரைச் சரிசெய்துகொள்ளுங்கள். நம் மலேசியக் கடப்பிதழில் சொந்தப் பெயர், மகன் என்பதைக் குறிக்கும் "ஏ/எல்" அல்லது மகள் என்பதைக் குறிக்கும் "ஏ/பி", தந்தை பெயர் ஆகிய மூன்றும் ஒரே வரியில் அச்சாகியிருக்கும். ஜெர்மனியின் எல்லாப் படிவங்களிலும் முன்பெயருக்கு ஒரு கட்டமும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டமும் இருக்கும். எதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று விசா விண்ணப்பத்தின்போதே முடிவுசெய்து, வேலை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் ஆகிய எல்லாவற்றிலும் அதே வடிவத்தையே எழுதுங்கள். இதைச் சிறிய விஷயம் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கீழே தபால்பெட்டியைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

அடுத்தது கோப்பு. கடப்பிதழ் நகல், விசா நகல், வேலை ஒப்பந்தம் அல்லது பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டுகள், வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றை ஒரே பிடிஎஃப் கோப்பாகவும், அச்சிட்ட இரண்டு படிகளாகவும் வைத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள வீட்டுக்காரர்கள் "ஷூஃபா" என்ற கடன் நம்பக அறிக்கையைக் கேட்பார்கள். புதிதாக வந்தவருக்கு அதில் பதிவு எதுவும் இருக்காது. அதற்கு ஈடாக, மலேசியாவில் குடியிருந்த வீட்டுக்காரரிடம் வாடகை பாக்கி எதுவும் இல்லை என்று ஆங்கிலத்தில் கையெழுத்திட்ட ஒரு கடிதத்தையும், மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் என்ற கடன் அறிக்கையையும் எடுத்துச் செல்லலாம். இவற்றை ஏற்றாக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. ஆனால் கேட்பதற்கு முன்பே எடுத்து நீட்டுகிறவரை அவர்கள் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

மாணவர்கள் அனுமதிக் கடிதம் வந்த நாளிலேயே மாணவர் நல அமைப்பான "ஷ்டுடீரெண்டன்வெர்க்" நடத்தும் விடுதிக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். காத்திருப்போர் பட்டியல் நீளமானது. விசாவுக்காக, மாதாமாதம் ஒரு பங்கை மட்டுமே எடுக்க முடிகிற முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் போடும் தொகை 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ. அதாவது மாதம் 992 யூரோ. வாடகை, உணவு, காப்பீடு எல்லாம் அதற்குள் அடங்கியாக வேண்டும். மியூனிக் போன்ற நகரில் அந்தத் தொகையில் தனி வீடு எடுக்க முடியாது. பலர் சேர்ந்து ஒரு வீட்டில் ஆளுக்கோர் அறையாக இருக்கும் "வேகே" முறைதான் வழி.

முதல் தங்குமிடம்

மலேசியாவில் இருந்தபடியே நீண்ட கால வீட்டை முடிவுசெய்ய முயலாதீர்கள். முதல் ஒன்றிரண்டு மாதங்களுக்குத் தட்டுமுட்டுச் சாமான்களோடு கூடிய தற்காலிக அறை ஒன்றை எடுத்துக்கொண்டு, அங்கிருந்து தேடுவதே பாதுகாப்பானது. அந்த அறையைப் பேசும்போது ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: "வோனுங்ஸ்கேபர்பெஷ்டேடிகுங்" தருவீர்களா? வாயில் நுழையாத அந்தச் சொல்லின் பொருள், "இவர் என் வீட்டில் குடியிருக்கிறார்" என்று வீடு கொடுத்தவர் தரும் உறுதிக் கடிதம் என்பதுதான். அது இல்லாமல் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய முடியாது. முகவரிப் பதிவு இல்லாமல் வரி எண் வராது; வரி எண் இல்லாவிட்டால் சம்பளத்தில் மிக அதிகமாக வரி பிடித்துவிடுவார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று இந்தக் கடிதம் தராத அறைக்குப் போனால், மிச்சப்படுத்திய பணத்தைப் போல் இரு மடங்கு அலைச்சலில் போய்விடும்.

உண்மையான மாதச் செலவைக் கணக்கிடும் முறை

விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகை "கால்ட்மீட்ட". சொல்லுக்குச் சொல் அது "குளிர் வாடகை"தான். நான்கு சுவருக்கும் கூரைக்கும் உரிய விலை. அதோடு சூடாக்கும் செலவு, தண்ணீர், குப்பை, படிக்கட்டு துப்புரவு, கட்டடக் காப்பீடு முதலியவற்றுக்கான "நேபன்கோஸ்டன்" என்ற துணைச் செலவைச் சேர்த்தால் வருவது "வார்ம்மீட்ட", அதாவது சூட்டு வாடகை. இதற்கும் மேலாக மின்சாரமும் இணையமும் உங்கள் பெயரில் தனி ஒப்பந்தங்கள். ஒலி, ஒளிபரப்புக் கட்டணம் என்று வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ தனியாக உண்டு. தொலைக்காட்சிப் பெட்டி இல்லாத வீடும் அதைக் கட்டியாக வேண்டும்.

எடுத்துக்காட்டாக, குளிர் வாடகை 500 யூரோ என்று ஒரு வீட்டைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். துணைச் செலவு 180 யூரோ என்றால் சூட்டு வாடகை 680 யூரோ. மின்சாரம், இணையம், ஒலிபரப்புக் கட்டணம் மூன்றுக்கும் தோராயமாக 100 யூரோ வைத்தால் கையை விட்டுப் போவது 780 யூரோ. பல வீட்டுக்காரர்கள் கையில் வரும் சம்பளத்தில் வாடகை மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று பார்ப்பார்கள். நீங்களும் அந்தக் கணக்கைச் சூட்டு வாடகையை வைத்தே போடுங்கள். துணைச் செலவு சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் மகிழ வேண்டாம். அது முன்கூட்டிக் கட்டும் உத்தேசத் தொகைதான். உண்மைக் கணக்கு அடுத்த ஆண்டு வரும்போது மிச்சத்தை மொத்தமாகக் கேட்பார்கள்.

முன்பணமாக வீட்டுக்காரர் கேட்கக்கூடிய உச்ச அளவு மூன்று மாதக் குளிர் வாடகை. மேலே சொன்ன வீட்டுக்கு அது 1,500 யூரோ. அதை மூன்று மாதத் தவணையாகக் கட்டும் உரிமையைச் சட்டமே உங்களுக்குத் தந்திருக்கிறது. முதல் தவணையைக் குடியேறும்போது கட்ட வேண்டும். அந்தப் பணத்தை வீட்டுக்காரர் தம் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்பதும் சட்டம்.

இன்னொரு பெரிய செலவை நம்மவர் யாரும் எதிர்பார்ப்பதில்லை. சாமான்கள் இல்லாத வீடு என்றால் கட்டிலும் அலமாரியும் மட்டும் இருக்காது என்று நினைப்போம். அங்கே அடுப்பும், பாத்திரம் கழுவும் தொட்டியும், விளக்குகளும்கூட இல்லாமல் போகலாம். என் வீட்டுச் சமையலறையில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயின் வாயும், கூரையிலிருந்து தொங்கிய மூன்று மின்கம்பிகளுமே இருந்தன. விளம்பரத்தில் "ஐன்பௌகூக" அல்லது "ஈபேகா" என்ற சொல் இருந்தால்தான் பொருத்தப்பட்ட சமையலறை உண்டு என்று பொருள். முன்பு குடியிருந்தவர் தம் சமையலறையை உங்களுக்கு விற்க முன்வந்தால், அதன் நிலையைப் பார்த்துவிட்டு விலையைப் பேசுங்கள். புதிதாகப் போடுவதைவிட அது பெரும்பாலும் நல்லது. அறைக் கணக்கும் நம் ஊரைப் போல் இல்லை. இரண்டு அறை வீடு என்றால் ஒரு படுக்கையறையும் ஒரு கூடமும் மட்டுமே.

தேடும் இடங்களும் கூட்டுறவு வீடுகளும்

இம்மோஸ்கௌட்24, இம்மோவெல்ட், அறைகளுக்கு வேகே-கெசூக்ட், தனியார் விளம்பரங்களுக்குக் கிளைன்அன்சைகன் ஆகியவை எல்லோரும் பார்க்கும் தளங்கள். அவற்றில் விளம்பரம் வந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுதுகிறவருக்கே பதில் வரும். ஜெர்மன் மொழியில் பத்து வரிக்குள், நீங்கள் யார், என்ன வேலை, மாதச் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் குடியேறுவீர்கள், எந்தத் தேதி முதல் வேண்டும் என்று எழுதுங்கள். மொழி தெரிந்த ஒருவரிடம் ஒரு முறை திருத்தி வைத்துக்கொண்டால், வீட்டுக்கு வீடு இரண்டு வரியை மட்டும் மாற்றினால் போதும்.

நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது கூட்டுறவு வீடுகளைப் பற்றி. மலாயாவில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில் தொழிலாளர் சிறுகச் சிறுகப் பணம் போட்டு 1960இல் எழுந்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த முறை எளிதில் புரியும். ஜெர்மனியில் "கெனோஸன்ஷாஃப்ட்" எனப்படும் வீடமைப்புக் கூட்டுறவுகளில் நீங்கள் பங்கு வாங்கி உறுப்பினராகிறீர்கள், உறுப்பினருக்குத்தான் வீடு. பல கூட்டுறவுகளில் வாடகை சந்தை விலையைவிடக் குறைவு. தன் தேவைக்கு வேண்டும் என்று சொல்லி உங்களை வெளியேற்றத் தனி உரிமையாளரும் அங்கே இல்லை. டிரெஸ்டன் நகராட்சி 2006இல் தன் குடியிருப்புகளைத் தனியார் முதலீட்டாளருக்கு விற்றுவிட்டது. அதன் பிறகும் எளியவர்களுக்குக் கட்டுப்படியாகும் வீடுகளைப் பெருமளவில் வைத்திருப்பவை அங்குள்ள கூட்டுறவுகளே. இவை பெரிய தளங்களில் எல்லா வீடுகளையும் போடுவதில்லை; ஆகவே ஒவ்வொரு கூட்டுறவின் சொந்தத் தளத்துக்கும் போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். எனக்கு வீடு கிடைத்ததும் இப்படித்தான். பங்குப் பணம், விலகிய பிறகு நிதியாண்டுக் கணக்கு முடிந்தே திரும்பக் கிடைக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தரகர் வழியாக வரும் வாடகை வீட்டுக்கு, தரகரை அமர்த்தியவரே கூலி கொடுக்க வேண்டும் என்பது 2015 ஜூன் முதல் சட்டம். வீட்டுக்காரர் அமர்த்திய தரகர் உங்களிடம் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

ஏமாற்று விளம்பரங்கள் எல்லா நகரங்களிலும் உண்டு. அவற்றின் கதை பெரும்பாலும் ஒன்றுதான். நகரின் நடுவில் அழகான வீடு, நம்ப முடியாத வாடகை, வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவியைத் தபாலில் அனுப்புவார், அதற்கு முன் முன்பணத்தை மட்டும் அனுப்பினால் போதும். வீட்டுக்குள் நீங்களோ உங்களுக்காக ஒருவரோ காலடி வைத்துப் பார்த்து, ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் வரை ஒரு காசுகூட அனுப்பாதீர்கள். வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கடப்பிதழ் நகலைக் கேட்டால் அதையும் கொடுக்காதீர்கள்.

பெயரைப் பார்த்தே பதில் போடாத வீட்டுக்காரர்களும் இருக்கிறார்கள் என்பதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. இனத்தின் அடிப்படையில் வீடு மறுப்பதை 2006ஆம் ஆண்டின் பொதுச் சம நடத்தைச் சட்டம் தடைசெய்கிறது. ஆனாலும் ஒவ்வொரு மௌனத்தையும் எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தால் தங்க இடம் கிடைக்காது. இருபது பேருக்கு எழுதி இரண்டு பேர் பதில் போட்டால், மனம் தளராமல் அந்த இரண்டு வீடுகளையும் போய்ப் பாருங்கள்.

வீட்டைப் பார்க்கும்போது தொட்டுப் பார்க்க வேண்டியவை

சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாக நில்லுங்கள். வீட்டுக்குள் போனதும் சன்னலைப் பாருங்கள். இரட்டைக் கண்ணாடி இருக்கிறதா, சட்டத்தின் ஓரத்தில் கையை வைத்தால் காற்று வருகிறதா? பிறகு வெளிச்சுவர் இரண்டு சேரும் மூலைகளையும், அலமாரிக்குப் பின்புறத்தையும், குளியலறைக் கூரையையும் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது பூஞ்சணம். அண்மையில் அந்த மூலையில் மட்டும் சுண்ணாம்பு அடித்திருந்தாலும் காரணத்தைக் கேளுங்கள்.

அடுத்து, வீடு எப்படிச் சூடாகிறது என்று கேளுங்கள். நகரின் பொதுச் சூட்டுக் குழாயா, கட்டடத்துக்கு ஒரே எரிவாயுக் கொதிகலனா, வீட்டுக்குள்ளேயே தனிக் கொதிகலனா, அல்லது இரவு மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பழைய மின்சூடாக்கியா? கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் செலவு மிக்கது. குளிப்பதற்கான வெந்நீர் மின்சாரத்தில் சூடாகிறது என்றால் அந்தச் செலவு உங்கள் மின்கட்டணத்தில் ஏறும். வீட்டைக் காட்டும் நேரத்திலாவது ஆற்றல் சான்றிதழைக் காட்ட வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. அதில் ஏ பிளஸ் முதல் எச் வரை தரம் இருக்கும். ஒரே வாடகைக்கு இரண்டு வீடுகள் கிடைத்தால் நல்ல தரமுள்ள வீட்டை எடுங்கள். மேலும் கீழும் ஆள் குடியிருக்கும் நடுமாடி வீடு, தரைத்தளத்தையும் கூரைக்கு அடியில் இருப்பதையும்விட எளிதில் சூடாக இருக்கும்.

ஒப்பந்தம்

ஒப்பந்தம் ஜெர்மன் மொழியில் இருக்கும். ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்கி, மொழி தெரிந்தவரோடு உட்கார்ந்து படியுங்கள். கால வரையற்ற ஒப்பந்தமா, முடிவுத் தேதி உள்ளதா என்பது முதல் கேள்வி. கால வரையற்ற ஒப்பந்தத்தில் குடியிருப்பவர் மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகலாம். வீட்டுக்காரர் விலக்க வேண்டுமானால் சட்டம் ஏற்கும் காரணம் வேண்டும். ஆனால் முதல் ஓராண்டு அல்லது ஈராண்டு விலக மாட்டேன் என்ற வாசகம் உள்ளே இருக்கலாம். நான்கு ஆண்டுகள் வரை அப்படிக் கட்டிப்போட முடியும். வேலை மாறக்கூடியவர் அதை நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

ஆண்டுதோறும் இவ்வளவு ஏறும் என்று எழுதியிருந்தால் அது "ஷ்டாஃபல்மீட்ட". விலைவாசிக் குறியீட்டோடு ஏறும் என்றால் "இண்டெக்ஸ்மீட்ட". இரண்டும் இல்லாவிட்டால் வாடகையை அப்பகுதியின் வழக்கமான வாடகை அளவு வரையே உயர்த்தலாம். அதிலும் மூன்று ஆண்டுக்குள் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, வீட்டுத் தட்டுப்பாடுள்ள பகுதிகளில் 15 விழுக்காடு. பனி அள்ளும் பொறுப்பு யாருடையது, படிக்கட்டு துடைக்கும் முறை உங்களுக்கு உண்டா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

சாவி வாங்கும் நாள்

"யூபர்காபேபுரோட்டோகோல்" என்ற ஒப்படைப்புக் குறிப்பை எழுதாமல் சாவியை வாங்காதீர்கள். தரையில் இருக்கும் கீறல், கதவில் இருக்கும் ஓட்டை, தண்ணீர், சூடு, மின்சார மீட்டர்களின் எண்கள், எத்தனை சாவிகள் என்பதெல்லாம் அதில் ஏறி, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொன்றையும் தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் முழுதாகத் திரும்புமா என்பது வெளியேறும் நாளில் முடிவாவதில்லை, இந்த நாளில் முடிவாகிறது.

அங்குள்ள முன்கதவுகளில் வெளிப்பக்கம் திருக முடியாத குமிழ்தான் இருக்கும். சாவி உள்ளே இருக்கக் கதவு சாத்திக்கொண்டால் பூட்டுத் திறப்பவரை அழைக்க வேண்டும். இரவிலும் ஞாயிறிலும் அவர்கள் கேட்கும் தொகை கண்ணீர் வரவழைக்கும். நம்பிக்கையான நண்பர் ஒருவரிடம் மாற்றுச் சாவியைக் கொடுத்து வையுங்கள்.

அன்றே தபால்பெட்டியிலும் அழைப்புமணியிலும் பெயரை ஒட்டுங்கள். அங்கே வீட்டு எண் போதாது; தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். என் ஒப்பந்தத்திலும் வங்கியிலும் தந்தை பெயர் குடும்பப் பெயராக ஏறியிருந்தது. நானோ வழக்கப்படி என் சொந்தப் பெயரை மட்டும் எழுதி ஒட்டினேன். வங்கி அட்டை வந்து திரும்பிப் போனது, வரி எண்ணும் வந்து திரும்பிப் போனது. இரண்டு பெயரையும் எழுதி ஒட்டிய மறுவாரம் எல்லாம் வந்து சேர்ந்தது.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். சந்திப்பு நேரம் எளிதில் கிடைக்காது என்பதால் சாவி கிடைக்கும் முன்பே முன்பதிவு செய்யுங்கள். மின்சாரத்துக்கு நீங்கள் எதுவும் செய்யாவிட்டாலும் விளக்கு எரியும்; அப்பகுதியின் அடிப்படை வழங்குநரோடு தானாகவே ஒப்பந்தம் உண்டாகிவிடும். அது பெரும்பாலும் விலை கூடியது. இரண்டு வார முன்னறிவிப்பில் வேறு வழங்குநருக்கு மாறிக்கொள்ளலாம். பிறர் பொருளுக்கு நீங்கள் உண்டாக்கும் சேதத்துக்கான "ஹாஃப்ட்ஃப்ளிக்ட்" காப்பீட்டையும் எடுத்துவிடுங்கள். தொலைந்த சாவிக்கும் அது காப்புத் தருகிறதா என்று கேட்டு எடுங்கள்.

குளிர்காலத்தில் வீட்டைக் காப்பது

பாடாங் செராயில் காலையில் திறந்த சன்னலை மாலையில் கொசு வரும்போதுதான் சாத்துவோம். அங்கே அந்தப் பழக்கம் வீட்டைக் கெடுத்துவிடும்; ஒரேயடியாகச் சாத்தி வைப்பதோ அதைவிட மோசம். காரணம் இதுதான். சூடான காற்று நிறைய ஈரத்தைத் தாங்கும், குளிர்ந்த காற்று தாங்காது. சோறு வடிக்கும் ஆவி, குளியல், உள்ளே காயப்போடும் துணி, நம் மூச்சு எல்லாம் அறைக் காற்றில் ஈரமாகச் சேர்கின்றன. அந்தக் காற்று குளிர்ந்த வெளிச்சுவரைத் தொட்டதும் ஈரம் சுவரில் வியர்த்து, பூஞ்சணம் பிடிக்கிறது.

அதற்கு அவர்கள் கண்ட வழி "ஷ்டோஸ்லூஃப்டன்". சூடாக்கியை அடைத்துவிட்டு, எதிரெதிர் சன்னல்களை முழுக்கத் திறந்து, ஐந்து முதல் பத்து நிமிடம் காற்றை மாற்றி, பிறகு சாத்திவிட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, சமைத்த பிறகும் குளித்த பிறகும் கட்டாயம். அதற்குள் ஈரக்காற்று வெளியேறிவிடும். சுவரும் தளவாடமும் சூட்டை இழப்பதில்லை. சன்னலைச் சாய்த்து நாள் முழுவதும் விட்டால் அதைச் சுற்றியுள்ள சுவர் குளிர்ந்து, அங்கேதான் முதலில் கறுக்கும். சிறிய ஈரப்பத மானி ஒன்றை வாங்கி வையுங்கள். 40 முதல் 60 விழுக்காட்டுக்குள் இருந்தால் நல்லது. கட்டிலையும் அலமாரியையும் வெளிச்சுவரோடு ஒட்டாமல் ஒரு கை அகலம் தள்ளிப் போடுங்கள்.

சூடாக்கியின் திருகில் உள்ள எண்கள் வேகத்தைக் குறிப்பவை அல்ல. 3 என்றால் ஏறத்தாழ 20 பாகை செல்சியஸ், 4 என்றால் 24. குளிர்கிறதே என்று 5இல் வைத்தால் அறை விரைவில் சூடாவதில்லை, அளவுக்கு மேல்தான் சூடாகும். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது முழுக்க அடைத்துவிட்டு வராதீர்கள். பனி அடையாளத்தில் வைத்தால் குழாய் உறையாமல் இருக்கும். உறைந்து வெடித்தால் பொறுப்பு உங்கள் மேல் வரக்கூடும்.

சாமி மேடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். படுக்கையறையிலும் வெளியேறும் வழியான நடைகூடத்திலும் புகை உணர்கருவி கட்டாயம். நான் நடைகூடத்தில்தான் படங்களை மாட்டியிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை அம்மா கொடுத்தனுப்பிய சாம்பிராணியைப் போட்டு, புகை மேலே எழுந்து கூரையைத் தொட்டதுதான் தாமதம், காதைக் கிழிக்கும் ஒலி எழுந்தது. எதிர்வீட்டு மூதாட்டி வீட்டுக் காலணியோடு ஓடிவந்து கதவைத் தட்டினார். தூபக்காலைக் காட்டி விளக்கிய பிறகு, மணம் நன்றாக இருக்கிறது, சன்னலோரம் போடு என்று சொல்லிப் போனார். மறுநாளே சாமியைச் சமையலறைச் சன்னலருகே மாற்றினேன். கருவியைத் துணியால் மூடுவதோ கழற்றுவதோ வேண்டாம். அது உங்கள் உயிருக்கும் மேல்மாடிக் குழந்தைகளுக்குமான காவல்.

சூடாக்கி வேலை செய்யாவிட்டால் குளிரைப் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். பொதுவாக அக்டோபர் முதல் ஏப்ரல் இறுதி வரை சூடாக்கும் பருவம். அப்போது பகலில் வீட்டை 20 பாகைக்குக் குறையாமல் சூடாக்கும் வசதியை நீதிமன்றங்கள் எதிர்பார்க்கின்றன. பழுதை உடனே, எழுத்தில், படத்தோடு தெரிவியுங்கள். பூஞ்சணத்துக்கும் அப்படியே. நீங்கள் காற்று மாற்றாததால்தான் வந்தது என்ற பதில் வரக்கூடும். எந்த நேரம் சன்னல் திறந்தீர்கள், ஈரப்பதம் எவ்வளவு என்று இரண்டு வாரம் குறித்து வைத்த தாள் அப்போது பெரிதும் உதவும். வாடகையைக் குறைத்துக் கட்டும் உரிமை உண்டு என்றாலும், தவறாகக் குறைத்தால் வீட்டையே இழக்க நேரலாம். ஆகவே முதலில் வாடகையாளர் சங்கமான "மீட்டர்ஃபெரைன்"இடம் கேளுங்கள். ஆண்டுச் சந்தா சிறிய தொகைதான். வழக்குச் செலவுக் காப்பு பெரும்பாலும் சேர்ந்த உடனே தொடங்காது என்பதால், சண்டை வருவதற்கு முன்பே சேர்ந்துவிடுங்கள்.

ஆண்டுக் கணக்கு

கணக்காண்டு முடிந்த பன்னிரண்டு மாதத்துக்குள் துணைச் செலவுக் கணக்கு வர வேண்டும். அதைத் தாண்டி வந்தால் பாக்கி கேட்கும் உரிமை வீட்டுக்காரருக்கு இல்லை. உங்களுக்குத் திரும்ப வர வேண்டியது இருந்தால் மட்டும் அது வந்தாக வேண்டும். ஒரே கொதிகலன் உள்ள கட்டடத்தில் சூட்டுச் செலவில் 50 முதல் 70 விழுக்காடு வரை அவரவர் பயன்பாட்டின்படி பிரிக்கப்படும். மீதி பெரும்பாலும் வீட்டின் பரப்பளவின்படி. கணக்கில் ஐயம் இருந்தால் ரசீதுகளைப் பார்க்கக் கேட்கலாம். மறுப்புத் தெரிவிக்கப் பன்னிரண்டு மாத அவகாசம் உண்டு.

வீட்டை விடும்போது

விலகல் கடிதம் காகிதத்தில், கைப்பட இட்ட கையெழுத்தோடு வீட்டுக்காரரைச் சேர வேண்டும். புலனத்திலோ (வாட்ஸ்அப்) மின்னஞ்சலிலோ சொன்னது செல்லாது. மாதத்தின் மூன்றாம் வேலைநாளுக்குள் போய்ச் சேர்ந்தால்தான் அந்த மாதமும் கணக்கில் வரும்: மார்ச் மாத மூன்றாம் வேலைநாளுக்குள் கொடுத்தால் மே 31 அன்று முடியும், ஒரு நாள் தவறினால் ஜூன் மாத வாடகையும் உங்கள் தலையில். பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்து நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

வெளியேறும் நாளில் மறுபடியும் ஒப்படைப்புக் குறிப்பு, மீட்டர் எண்கள், சாவிகள். நாட்டை விட்டே புறப்படுகிறவர் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, கிளம்பிய இரண்டு வாரம் வரைக்குள் முகவரிப் பதிவை நீக்க வேண்டும். அந்தச் சான்றைக் காட்டித்தான் ஒலிபரப்புக் கட்டணத்தையும் பல ஒப்பந்தங்களையும் நிறுத்த முடியும்.

முன்பணம் அன்றே கைக்கு வராது. சில மாதங்கள் ஆகும். கடைசி ஆண்டின் துணைச் செலவுக் கணக்குக்காக ஒரு பகுதியை அதன் பிறகும் நிறுத்தி வைத்திருக்கலாம். ஆகவே ஜெர்மன் வங்கிக் கணக்கை உடனே மூடாதீர்கள். ஊர் முகவரியைத் தாமான் பெயர், சாலை எண், அஞ்சல் குறியீட்டோடு ஒப்படைப்புக் குறிப்பிலேயே எழுதிக் கொடுங்கள். என் முன்பணத்தின் பெரும்பகுதி நான் பாடாங் செராய் திரும்பிய ஐந்தாம் மாதம் வந்தது. நிறுத்தி வைத்த மிச்சமும் கூட்டுறவுப் பங்குப் பணமும் அதற்கு அடுத்த ஆண்டு வந்தன. கடைசிக் காசு வந்து சேர்ந்த பிறகுதான் அந்தக் கணக்கை மூடினேன்.